நூற்றெட்டுச் சுற்றும் ஆறரை மணி நேரமும்

சூரிய நமஸ்காரம் ஒரு சுற்று செய்தால் 13.9 கலோரி செலவாகும். 12 சுற்று செய்தால் 288 ஆசனங்கள் செய்த பலன். 108 சுற்று செய்தால் 1,500 கலோரி. யோகா தினமான ஜூன் 21 நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் தவறாமல் வந்து சேரும் கணக்கு இது. கணக்கின் வாலில் ஒரு தீர்ப்பும் தொங்கும்: இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இதைவிட மேலான பயிற்சி உலகத்தில் கிடையாது; நடை, ஓட்டம், சைக்கிள் எதுவும் தேவையில்லை; நிலை பிசகாமல் நின்று, மூச்சை முறையாக இழுத்து விட்டால் எல்லாம் பாயின் மேலேயே முடிந்துவிடும். யோகா ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். காலை நேரத் தொலைக்காட்சி சொல்கிறது. படித்து அறிந்த மருத்துவர்கள் சிலரும் தலையாட்டுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. சூரிய நமஸ்காரத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. முதுகும் தோளும் இடுப்பும் இளகுவதற்கு அதைப் போல் கச்சிதமான வரிசை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. என் சண்டையெல்லாம், இதயத்தையும் நுரையீரலையும் உழைக்கவைப்பது அந்த ‘நிலை’தான் என்ற நம்பிக்கையோடு.

முதலில் 13.9-ஐ அதன் பிறந்த வீட்டிலேயே போய்ப் பார்த்துவிடலாம். 2004-இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி அண்ட் ஃபார்மகாலஜி’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. யோகப் பயிற்சி பெற்ற 21 ராணுவ வீரர்களைச் சூரிய நமஸ்காரம் செய்யவைத்து, எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறார்கள் என்று அளந்தார்கள். ஒரு சுற்றுக்கு 13.91 கலோரி ஆயிற்று. ஆக, எண் பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சுற்றுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 40 விநாடி. ஒவ்வொரு நிலையிலும் சராசரியாகப் பதினெட்டு விநாடி நின்றிருக்கிறார்கள். நிமிடத்துக்கு வகுத்தால் 3.79 கலோரி, கை வீசி நடந்தாலே ஆகிற செலவு. இந்தக் கணக்கில் 1,500 கலோரி வேண்டுமென்றால் 6 மணி 36 நிமிடம் பாயை விட்டு இறங்கக் கூடாது. ரதசப்தமிக்கு 108 போடுகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுச் சர்க்கரைப் பொங்கலுக்குப் போய்விடுகிறார்கள். நேரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்த புண்ணியவான் யாரோ, அவரால் வளர்ந்த தொப்பைகள் அதிகம்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அதை யாரும் பகிர்வதில்லை. அந்த வீரர்களின் இதயத்துடிப்பு எட்டிய உச்சம், சராசரியாக, நிமிடத்துக்கு 101. மாடிப்படி ஏறினாலே பலருக்கு அதைத் தாண்டிவிடும். 2011-இல் வந்த வேறொரு ஆய்வில் படம் தலைகீழ். அதில் ஆறு பேர் ஏறத்தாழ அரை மணி நேரம் விடாமல் சூரிய நமஸ்காரம் செய்தார்கள். துடிப்பு அவரவர் உச்சவரம்பில் 80 விழுக்காட்டைத் தொட்டு, அடுத்து 84-க்கு ஏறி, நான்காவது தொகுதியில் 90-க்குப் போனது. இருபது வயதுக்காரருக்கு அது 180-ஐ ஒட்டிய துடிப்பு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அரை மணி நேரத்தில் 230 கலோரி ஆயிற்று என்றும் கணக்கிட்டார்கள். இது ஓட்டத்தோடு ஒப்பிடத் தக்க உழைப்பு.

ஆறு பேரை வைத்துச் செய்த ஆய்வில் பெரிய கோட்டை கட்ட முடியாது என்பது இருக்கட்டும். இரண்டிலும் வணக்க நிலை, பின்வளைவு, முன்குனிவு, ஒரு காலைப் பின்னே நீட்டுவது எல்லாம் அதே வரிசைதான். ஒன்றில் இதயம் 101-இல் நிற்கிறது, இன்னொன்றில் 180-ஐ நெருங்குகிறது. இதயத்தை ஏற்றியது நிலைதான் என்றால் இரண்டிலும் அல்லவா ஏறியிருக்க வேண்டும்? ஏற்றியது வேகம். அந்த வேகத்தை இடைவெளியில்லாமல் இழுத்துச் சென்ற நேரம். இதைச் சொன்னால் யோகா ஆசிரியர்களுக்குக் கோபம் வருகிறது. வேகமாகச் செய்வது சூரிய நமஸ்காரமே ஆகாது என்கிறார்கள். சரி, அப்படியானால் 90 விழுக்காட்டு ஆய்வையும் அவர்கள் மேற்கோள் காட்டக் கூடாது.

உடலுக்குள் நடப்பது என்ன? 1870-இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியங்கியலாளர் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். உடல் ஒரு நிமிடத்தில் செலவிடும் ஆக்சிஜனும், இதயம் அந்த நிமிடத்தில் அனுப்பும் ரத்தமும், அந்த ரத்தத்தின் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் திசுக்கள் உருவிக்கொள்ளும் ஆக்சிஜனும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் அனுப்புகிறது. பயிற்சியில்லாத இளைஞர் மூச்சிரைக்க ஓடினால் 20 லிட்டர் வரை போகும். இந்த நான்கு மடங்கைக் கேட்பது யார்? தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும், மாறி மாறிச் சுருங்கி விரிந்து, எரிபொருளைக் கேட்டுக்கொண்டே இருந்தால் இதயம் அனுப்பியாக வேண்டும். கேட்பது நின்றால் அனுப்புவதும் குறையும். உள்ளங்கை தரையில் முழுக்கப் பதிந்ததா, முதுகெலும்பு நேராக இருந்ததா என்று இதயத்துக்குத் தெரியவே தெரியாது.

2004 ஆய்வில் முதல் நிலையில் நிமிடத்துக்கு 0.35 லிட்டர் ஆக்சிஜன். எட்டாவது நிலையில் 1.22 லிட்டர். இதைப் பார்த்ததும் எட்டாவது நிலைக்குத் தனி மகிமை கற்பிக்கத் தோன்றும். ஆனால் ஆக்சிஜன் செலவு உழைப்புக்குப் பின்னால்தான் வரும். ஒரே அளவான வேலையைத் தொடங்கினால்கூட, செலவு ஏறி ஒரு மட்டத்தில் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. பதினெட்டு விநாடிக்கு ஒரு நிலை மாறும் வரிசையில் எட்டாவதில் அளந்த எண்ணுக்குள் ஆறாவதின் கடனும் ஏழாவதின் கடனும் சேர்ந்தே இருக்கின்றன. தரையோடு தரையாக இறங்கிய உடலைக் கையால் தள்ளி எழுப்பிய செலவு அங்கே வந்து பதிவாகிறது.

இப்போது மூச்சுக்கு வருவோம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மூச்சு இழுப்பு அல்லது ஒரு மூச்சு விடுப்பு என்பது விதி. பன்னிரண்டு நிலைக்கு, ஏறக்குறைய ஆறு முழு மூச்சு. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் விதியை மீறாமல் செய்கிறவர் நிமிடத்துக்கு ஆறு முறைதான் மூச்சு விடுகிறார். எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் ஒரு மூச்சுக்கு மூன்று லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 லிட்டர். மிதமான உழைப்பில் ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் செலவிட உடலுக்குச் சுமார் 25 லிட்டர் காற்று வேண்டும். 18 லிட்டர் காற்று கொடுக்கக்கூடியது முக்கால் லிட்டருக்கும் குறைவான ஆக்சிஜன். மறுபடியும் கை வீசிய நடைதான்! மூச்சிரைக்க ஓடுகிறவரோ நிமிடத்துக்கு முப்பது நாற்பது முறை மூச்சு விட்டு, நூறு லிட்டர் காற்றைப் புழங்குகிறார். ஆக, எந்த மூச்சு விதியை இதயப் பயிற்சியின் ரகசியம் என்று சொல்கிறார்களோ, அதே விதிதான் உழைப்புக்குக் கூரை போடுகிறது. விதியைக் காப்பாற்றினால் உழைப்பு ஏறாது; உழைப்பு ஏறினால் விதி தானாக உடையும். வகுப்பில் வேகமாகப் பத்துச் சுற்று முடித்தவர்களைப் பாருங்கள். ஆறாவது சுற்றிலேயே வாயால் மூச்சு வாங்க ஆரம்பித்திருப்பார்கள்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அதுவும் கைக்கடிகாரத்தோடு வரும். “நிதானமாகத்தான் செய்கிறேன் சார், ஆனாலும் வாட்ச்சில் நாடி 130 காட்டுகிறதே?” காட்டும். நாடி ஏறுவதற்குக் காரணங்கள் பல. ஆக்சிஜன் தேவை அவற்றில் ஒன்று. தசையை அசைக்காமல் இறுக்கிப் பிடிப்பது இன்னொன்று. கையை ஊன்றி உடலைப் பலகை போல் நிறுத்துகிறோம், அஷ்டாங்க நமஸ்காரத்தில் இடுப்பைத் தரைக்கு மேல் தாங்குகிறோம். இறுகிய தசை தனக்கு வரும் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. உள்ளே கழிவுகள் தேங்குகின்றன, நரம்புகள் மூளைக்கு முறையிடுகின்றன, மூளை ரத்த அழுத்தத்தையும் நாடியையும் ஏற்றுகிறது. 1937-இல் அலாம், ஸ்மர்க் என்ற இருவர் இதை அழகாகக் காட்டினார்கள். கை கால் தசைகளை வேலை செய்யவைத்து, அந்த உறுப்பைச் சுற்றிப் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தினார்கள். வேலை முடிந்துவிட்டது, தசை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் பட்டையை அவிழ்க்கும் வரை ரத்த அழுத்தம் முழுதாக இறங்கவில்லை. உழைப்பு இல்லாமலே அழுத்தம். இதில் இதயத்துக்குக் கிடைப்பது சுமை. ஓட்டத்தில் கிடைப்பதைப் போன்ற பெரிய ரத்த வெள்ளம் அதற்குள் பாய்வதில்லை. கைக்கடிகாரமோ பெரும்பாலும் நாடியைப் பார்த்தே கலோரியை ஊகிக்கிறது. மே மாதத்தில் மின்விசிறியில்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட, தோலுக்கு ரத்தத்தை அனுப்ப நாடி கொஞ்சம் ஏறும். அதையும் உடற்பயிற்சி என்று சேர்த்துக்கொள்வோமா?

மூச்சை அடக்கிக்கொண்டு இறுக்கினால் அழுத்தம் இன்னும் எகிறும். அஷ்டாங்க நமஸ்காரத்தில் மூச்சை வெளியே நிறுத்தச் சொல்லும் பள்ளிகள் உண்டு. கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவரிடம், “இதயத்துக்கு நல்லது, நிறுத்தி நிதானமாகச் செய்யுங்கள்” என்று சொல்வதற்கு முன் ஆசிரியர் ஒருமுறை யோசிக்க வேண்டும். தலை கீழே போகும் நிலைகளில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்பதும் அளந்து காட்டப்பட்டது. கண் அழுத்த நோயாளிகளுக்கு இது விளையாட்டில்லை.

தலையைக் கீழே கொண்டுபோய் மேலே கொண்டுவருவதே இதயத்துக்கு ஒரு மசாஜ் என்ற பேச்சும் இருக்கிறது. இதில் பாதி உண்மை. படுத்திருந்தவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டு நாடியை ஏற்றும். குனிந்தால் நேர்மாறு. சூரிய நமஸ்காரத்தில் இந்த ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆனால் இது சில விநாடிகளில் முடியும் சரிக்கட்டல். கட்டிலில் எழுந்து எழுந்து படுத்தாலும் இதே நடக்கும். அதனால் யாருடைய இதயமும் பலப்பட்டதில்லை.

இதயம் பலவீனப்படுவதும் பலப்படுவதும் எப்படி என்பதற்கு 1966-இல் டாலஸ் நகரில் நடந்த சோதனைதான் இன்றைக்கும் நல்ல சாட்சி. ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உச்ச ஆக்சிஜன் கொள்திறன் கால்பங்குக்கு மேல் விழுந்தது. பிறகு எட்டு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்து மீட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடி அளந்தபோது, முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. எவ்வளவு ரத்தத்தை, எவ்வளவு நேரம் தள்ளவைத்தோம் என்ற ஒரே கணக்கைத்தான் இதயம் வைத்துக்கொள்கிறது.

நுரையீரல் பற்றிய நம்பிக்கை இதைவிடப் பிடிவாதமானது. ஆழ்ந்து மூச்சிழுத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைகிறது என்பார்கள். ஆரோக்கியமானவர் சாதாரணமாக மூச்சு விடும்போதே அவர் தமனி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 97, 98 விழுக்காடு நிறைந்துதான் இருக்கிறது. கொரோனா காலத்தில் விரலில் கருவியை மாட்டி வீட்டுக்கு வீடு பார்த்தோமே. மிச்சமிருக்கும் இரண்டு விழுக்காட்டில் என்னத்தை நிறைப்பது? தேவையில்லாமல் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் கரியமிலவாயுதான் வெளியேறும். மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை லேசாகச் சுற்றும். அந்தச் சுற்றலைத்தான் சிலர் ‘சக்தி ஏறுகிறது’ என்று வர்ணிக்கிறார்கள். 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோன சுவாமி குவலயானந்தரே, பிராணாயாமத்தின் பயன் கூடுதல் ஆக்சிஜனில் இருக்கிறது என்ற கருத்தை ஏற்கவில்லை. நூறு வருடத்துக்கு முன் யோகி ஒருவர் கைவிட்டதை நாம் ஏன் இன்னும் தூக்கிச் சுமக்கிறோம்?

தனி ஆய்வுகளை விட்டுவிட்டு மொத்தமாகப் பார்த்தாலும் இதே கதைதான். அசையாமல் உட்கார்ந்திருக்கும் செலவை 1 என்று வைத்துக்கொண்டால், மிதமான உடற்பயிற்சி 3-இல் தொடங்குகிறது. 2007-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் இருபது யோகப் பயிற்சியாளர்களை மூச்சை அளக்கும் அறைக்குள் வைத்து ஒரு முழு வகுப்பை நடத்தினார்கள். சராசரி 2.5, நாடி 93. சூரிய நமஸ்காரத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்தால், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பயன் இருக்கலாம் என்று முடித்தார்கள். 2016-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரையில் தனி ஆசனங்களின் சராசரி 2.2, பிராணாயாமம் 1.3. சூரிய நமஸ்காரம் மட்டும் 7-ஐத் தாண்டும் வரை போனது; அங்கேயும் வேகம்தான் காரணம்.

‘உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களுக்கு’ என்பதில்தான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. அறுபது வயது, பத்து வருடமாக நாற்காலி வேலை, மூச்சிரைத்தாலும் அந்த அளவுகோலில் 6-ஐத் தாண்ட முடியாத உடல். 3.5 செலவாகும் பயிற்சியே அவருக்குப் பாதிக்கு மேல். நிதானமான சூரிய நமஸ்காரம் அவருடைய இதயத்தை உண்மையாகவே உழைக்கவைக்கும். எட்டு வார யோகப் பயிற்சியில் கொள்திறன் 7 விழுக்காடு கூடியது என்று 2001-இல் வந்த ஆய்வைக் காட்டுகிறார்களே, அதில் இருந்தவர்கள் பத்துப் பேர், எல்லாரும் பயிற்சியில்லாதவர்கள், ஒப்பிடத் தனிக் குழுவும் கிடையாது. தொடங்குகிறவருக்கு எதுவும் பலன் தரும். நம் பூங்காக்களில் தரையில் எட்டு வரைந்து அதன் மேல் நடக்கிறார்களே, அதுவும் பலன் தருகிறது. எட்டு என்ற வடிவத்தால் இல்லை, நடப்பதால். மூன்று நான்கு மாதத்தில் உடல் பழகிய பிறகு அதே பன்னிரண்டு சுற்று, அதே வேகம் என்று நின்றுவிட்டால் இதயத்துக்குப் புதிதாக எந்த வேலையும் கிடைப்பதில்லை.

ரத்த அழுத்தம் குறைகிறதே என்பார்கள். குறைகிறது, மறுக்கவில்லை. 2001-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, லத்தீன் ஜெபமாலையும் திபெத்திய மந்திரமும் சொல்கிறவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஆறுக்கு இறங்குவதையும், ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையாவதையும் காட்டியது. நிமிடத்துக்கு ஒரு சுற்று சூரிய நமஸ்காரத்திலும் அதே ஆறு மூச்சுதான்! அருமையான பலன். ஆனால் அது நிதானத்தின் பலன், ஜெபமாலை உருட்டினாலும் வருகிற பலன். இந்த வரவை எடுத்து ஓட்டத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

இது தொன்றுதொட்டு வந்தது என்ற வாதத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. இன்றைய வடிவச் சூரிய நமஸ்காரத்தை ஊர் ஊராகப் பரப்பியவர் மராட்டியத்தின் அவுந்த் சமஸ்தான ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதி, 1920-களில். அதற்கு முன் அவர் யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பியப் பயில்வானின் முறையில் உடல் வளர்த்தவர். தன் சமஸ்தானப் பள்ளிகளில் அதைக் கட்டாய உடற்பயிற்சியாகவே வைத்தார். வியர்க்க வியர்க்கச் செய்யும் பயிற்சியாகப் பரவிய ஒன்றுக்கு நாம்தான் பின்னால் வந்து பட்டுத்துணி போர்த்திவிட்டோம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது பள்ளிக்கூடங்களைப் பார்க்கும்போது. 5 முதல் 17 வயது வரை, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், பெரும்பாலும் ஓடியாடும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மைதானமே இல்லாத பள்ளிகள் பி.டி. பீரியடை யோகா பீரியடாக மாற்றிவிட்டு, விளம்பரத் தட்டியில் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து நிற்கும் படத்தைப் போடுகின்றன. பெற்றோரும் மகிழ்ந்துபோகிறார்கள். நாற்பது நிமிட வகுப்பில் வருகைப் பதிவு, பிரார்த்தனை, சவாசனம் போக மிஞ்சுவது எவ்வளவு? கபடியில் அந்தப் பிள்ளையின் இதயம் பார்க்கும் வேலையை இந்த வகுப்பு கொடுக்காது. இடமில்லாத குறையை மறைக்க இதயத்தின் பேரைச் சொல்கிறார்கள்.

பெரியவர்களிடமும் இடம் என்ற கேள்வி நியாயமாகவே வரும். எல்லாத் தெருவிலும் நடக்க முடியாது. நாய், குழி, வெயில், மழை, இருட்டில் தனியாகப் போக முடியாத பெண்களின் நிலை. நான்கு சுவருக்குள் ஒரு பாயின் இடம்தான் இருக்கிறது என்றால் சூரிய நமஸ்காரம் உண்மையிலேயே கைகொடுக்கும். வேறு மாதிரிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். மூட்டிலும் மணிக்கட்டிலும் பிரச்சினை இல்லாதவர், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர், எந்த நிலையிலும் நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு, முடிந்தால் மூன்று சுற்று. மூச்சு தன் போக்கில் போகட்டும். நடுவில் யாராவது பேர் கேட்டால் சொல்ல முடிய வேண்டும். ஊர்க்கதை பேச முடியக் கூடாது. பத்து நிமிடம் முடிந்ததும் கொஞ்சம் உலாத்திவிட்டு, இன்னொரு பத்து நிமிடம். நிதானமான சுற்றுகளை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். முழங்கால் லேசாக மடங்கும், குதிகால் தரையைத் தொடாது, பின்வளைவு பாதியில் நிற்கும், கவலையில்லை. அதைத் திருத்த வருகிற ஆசிரியரை, அந்தப் பத்து நிமிடம் மட்டும் திண்ணையில் உட்காரச் சொல்லிவிடுங்கள்.